வெட்டும் விரிப்பும்: தவளா உரையில் அடுக்குக்குறி விதிகள்

ஷட்கண்டாகமம் என்ற சமண நூலுக்கு வீரசேனர் எழுதிய தவளா உரையில் ஒரு சின்ன வகுத்தல் வருகிறது. இரண்டின் ஏழாம் வர்க்கத்தை இரண்டின் ஆறாம் வர்க்கத்தால் வகுத்தால் ஆறாம் வர்க்கமே ஈவாகும் என்பது அதன் செய்தி. 1942-ல் அவதேஷ் நாராயண் சிங் இந்த இடத்தை எடுத்துக்காட்டி, அடுக்குக்குறி விதிகளைத் தவளா ஆசிரியர் நன்றாகவே அறிந்திருந்தார் என்று எழுதினார். பெருக்கும்போது அடுக்குகள் கூடும், வகுக்கும்போது கழியும், அடுக்குக்கு மேல் அடுக்கு ஏறினால் இரண்டும் பெருகும் என்ற மூன்று விதிகளையும் இன்றைய இயற்கணிதக் குறியீட்டில் வரிசையாக எழுதி, மூன்றும் அங்கே உள்ளன என்றார். சமணக் கணிதத்தைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் பலர் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சிங்கின் முடிவில் பெரும்பகுதி சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் காட்டிய சான்று அந்த முடிவைத் தாங்காது. தாங்கக்கூடிய சான்று அதே உரையில், அவருடைய அதே கட்டுரையில், வேறொரு தலைப்பின் கீழ் கிடக்கிறது. அதோடு, மூன்று விதிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால் ஒவ்வொன்றும் எந்த வழியாக அவர்களுக்குக் கைவந்தது என்பது மறைந்துபோயிற்று. இந்தக் கட்டுரை அந்த வழிகளைத் தேடுகிறது.

சிங்கின் சான்று

முதலில் சொல்வழக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே 'ஆறாம் வர்க்கம்' என்பது ஆறின் வர்க்கம் அன்று. 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4. இது முதல் வர்க்கம். 4-ஐ வர்க்கப்படுத்தினால் 16. இது இரண்டாம் வர்க்கம். மூன்றாவது 256, நான்காவது 65,536, ஐந்தாவது 4294967296. ஆறாவது 18446744073709551616 என்ற 20 இலக்க எண். ஏழாவதில் 39 இலக்கங்கள். நம் எழுத்தில் இவை முறையே 2², 2⁴, 2⁸, 2¹⁶, 2³², 2⁶⁴, 2¹²⁸. ஆகவே சிங் காட்டிய கணக்கு 2¹²⁸ ÷ 2⁶⁴ = 2⁶⁴. அடுக்குகளைக் கழித்தால் 128 − 64 = 64. பள்ளிப் பிள்ளை ஒரே வரியில் சுருக்கிவிடும்.

சிங் லக்னோ பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். விபூதிபூஷண் தத்தாவோடு சேர்ந்து 1935-லும் 1938-லும் இரண்டு பகுதிகளாக அவர் வெளியிட்ட இந்துக் கணித வரலாறு இன்றும் கைக்கு முதலில் வரும் நூல். தவளா அதுவரை மூடபித்ரி மடத்து ஓலைகளில் அடைந்து கிடந்தது. ஹீராலால் ஜெயின் பதிப்பாசிரியராக இருந்து ஷட்கண்டாகமத்தை உரையோடு அமராவதியிலிருந்து தொகுதி தொகுதியாக அச்சேற்றினார். அதன் நான்காம் தொகுதிக்காகத்தான் சிங் தவளாவின் கணிதம் பற்றி எழுதினார். பிராகிருத உரைக்குள் இப்படியொரு எண்ணியல் இருக்கிறது என்று கணிதம் படித்தவர்களுக்கு முதலில் திறந்து காட்டியவர் அவர்தான். அந்தக் கடனை மறக்காமலே இந்த மறுப்பை எழுதுகிறேன்.

ஏழாம் வர்க்கம் என்றாலே ஆறாம் வர்க்கத்தின் வர்க்கம் என்று பொருள். அந்தப் பெயரே அப்படித்தான் பிறந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்தை அந்த எண்ணாலேயே வகுத்தால் அந்த எண் மிஞ்சும். 49-ஐ 7-ஆல் வகுத்தால் 7. இதற்கு 128 என்ற அடுக்கும் வேண்டாம், 64 என்ற அடுக்கும் வேண்டாம், கழித்தலும் வேண்டாம். அடுக்கு என்ற எண்ணமே இல்லாத ஒருவருக்கும் வர்க்கம் என்ற சொல்லின் பொருள் தெரிந்தால் இந்த ஈவு தெரியும். நாம்தான் 2¹²⁸ என்று எழுதிவிட்டு, எழுதியதற்குள் ஒரு விதியைக் கண்டெடுக்கிறோம்.

கழித்தல் விதிக்கு இங்கே சான்று வேண்டுமானால், படிகளுக்கு நடுவில் ஒன்றைத் தாண்டிய வகுத்தல் வேண்டும். ஏழாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் வகுத்தால் என்ன என்று உரை கேட்டு, விடையும் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். 2¹²⁸ ÷ 2³² = 2⁹⁶. இந்த 2⁹⁶ வர்க்க ஏணியில் எந்தப் படியிலும் நிற்காத எண். அடுக்குகளைக் கழித்தாலொழிய, அல்லது முழு எண்களை வைத்து மல்லுக்கட்டினாலொழிய, அது இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்று சொல்ல முடியாது. சிங் காட்டிய உதாரணத்தில் இந்தத் தாண்டல் இல்லை.

இதே வழுக்கல் வர்க்கமூலங்களிலும் நடந்திருக்கிறது. சமண ஆகமமான அனுயோகத்துவார சூத்திரத்தில், முதல் வர்க்கமூலத்தை இரண்டாம் வர்க்கமூலத்தால் பெருக்கியதும் இரண்டாம் வர்க்கமூலத்தின் கனமும் ஒரே தொகையைக் குறிக்கும் இருவேறு சொற்களாக வருகின்றன. சமணர் கணித மரபு பற்றி 1929-ல் எழுதிய தத்தா இதைப் பின்ன அடுக்கு என்று படித்தார்: அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். கவர்ச்சியான வாசிப்புத்தான். ஆனால் முதல் மூலம் என்பது இரண்டாம் மூலத்தின் வர்க்கம். ஒரு வர்க்கத்தை அதன் மூலத்தால் பெருக்கினால் கனம். 81-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூலம் 9, இரண்டாம் மூலம் 3. 9 × 3 = 27; அது மூன்றின் கனம். பின்னம் எங்கேயும் எட்டிப்பார்க்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஓரெம் பின்ன அடுக்குகளையே பொருளாக எடுத்துக் கணக்கிட்டது வேறு வகை வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டினால் இரண்டையும் புரிந்துகொள்ள முடியாமல் போகும்.

தொண்ணூற்றாறு வெட்டு

உறுதியான சான்றைத் தேடினால் முதலில் தவளாவுக்கு முந்திய அந்த அனுயோகத்துவாரத்துக்கே போக வேண்டும். உலகில் உள்ள மனிதர் தொகை எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த நூல் ஒரே விடையைப் பல வாய்பாடுகளில் சொல்கிறது. அந்தத் தொகை 29 தானங்களை, அதாவது இலக்க இடங்களை, நிரப்பும். மூன்று யமலபதத்துக்கு மேல், நான்கு யமலபதத்துக்குக் கீழ் நிற்கும். ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். தொண்ணூற்றாறு முறை வெட்டுப்படும்.

வெட்டு என்று நான் சொல்வது மூலத்தில் சேதனகம். ஒரு தொகையைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை வைத்துக்கொண்டு, அதை மறுபடி வெட்டி, ஒன்று என்று நிற்கும்வரை போவது. தவளா இதை அர்த்தச்சேதம் என்று அழைத்து ஒரு தனிக் கணக்காகவே வளர்க்கிறது. நம் கணக்கில் இது 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. தமிழில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது அந்நியமன்று. ஒன்றை நான்கு முறை பாதியாக்கினால் வீசம். 16-ஐ நான்கு முறை பாதியாக்கினால் ஒன்று. முந்தையதில் நாம் நான்கு என்ற எண்ணிக்கையைச் சொல்வதில்லை, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டோம். சமணர்கள் பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

யமலபதம் என்ற சொல்லில் ஒரு பொருள் வேறுபாடு இருக்கிறது. அது இங்கே முக்கியம். எட்டுத் தானங்கள் கொண்ட தொகுதி என்று எடுத்தால் மூன்று யமலபதம் 24 தானம், நான்கு யமலபதம் 32 தானம். 29 இடையில் நிற்கிறது. யமலம் என்றால் இரட்டை என்பதால், இரண்டிரண்டு வர்க்கங்கள் சேர்ந்த இணை என்றும் எடுக்கலாம். அப்போது மூன்று இணை ஆறாம் வர்க்கம் வரை, நான்கு இணை எட்டாம் வர்க்கம் வரை. 2⁶⁴-க்கும் 2²⁵⁶-க்கும் நடுவே 2⁹⁶. இரண்டு பொருளும் கணக்கில் பழுதின்றிப் பொருந்துகின்றன, ஆகவே கணக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. தானம் பற்றிய பேச்சு முன்வரியிலேயே வந்துவிட்டது. அடுத்து வருவது வர்க்கம் பற்றிய பேச்சு. இரண்டுக்கும் இடையில் நிற்கும் இந்தத் தொடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்கு இரண்டாவது பொருளின் மேல்தான் சாய்வு. காரணம் ஷட்கண்டாகமச் சூத்திரம். அதுவும் மனிதர் தொகைக்கு எல்லை கட்டுகிறது: ஆறு வர்க்கத்துக்கு மேல், ஏழு வர்க்கத்துக்குக் கீழ். இரு சமணப் பிரிவுகளின் நூல்களும் இந்தத் தொகையை வர்க்க ஏணியில் வைத்தே பேசியிருக்கின்றன என்றால், யமலமும் ஏணியின் படிகளையே குறித்திருக்கலாம். இதற்கு மேல் அழுத்திச் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

இப்போது அந்த நான்கு வாய்பாடுகளில் கடைசி இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். ஆறாம் வர்க்கம் × ஐந்தாம் வர்க்கம், தொண்ணூற்றாறு வெட்டு. 2⁶⁴ × 2³² = 2⁹⁶. வர்க்கம் என்ற சொல்லின் பொருளைக் கொண்டு மட்டும் இந்தச் சமன்பாட்டுக்கு வர முடியாது. ஆறாம் வர்க்கத்துக்கு 64 வெட்டு, ஐந்தாவதற்கு 32 வெட்டு, பெருக்கினால் வெட்டுகள் கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். சிங் காட்டாத சான்று என்று நான் சொல்வதில் முதலாவது இது.

ஒரு தடை எழலாம். 96 என்பது கூட்டி வந்த எண்தான் என்று எப்படித் தெரியும்? முழு எண்ணையும் எழுதி வைத்து ஒவ்வொன்றாக வெட்டி எண்ணியிருக்கலாமே? இந்தத் தடையைச் சோதிக்க நானே ஒரு கோடு போட்ட நோட்டில் வெட்டத் தொடங்கினேன். முதல் வரி 79228162514264337593543950336. அடுத்தது 39614081257132168796771975168. அதற்கடுத்தது 19807040628566084398385987584. நான்காம் வரியில் இலக்கம் ஒன்று குறைந்து 28 ஆகிறது. ஒரு பிற்பகலுக்குள் முடிகிற வேலை. பழக்கப்பட்ட கைக்கு இன்னும் குறைவாகவே ஆகும். ஆகவே எண்ணியே கண்டிருக்கலாம் என்ற தடை வலுவானதுதான்.

ஆனால் அந்த நோட்டில் வேறொன்றும் நடந்தது. முப்பத்திரண்டாவது வெட்டு முடிந்ததும் பக்கத்தில் நின்ற எண் 18446744073709551616. ஆறாம் வர்க்கம், ஓர் இலக்கம் பிசகாமல். இன்னும் முப்பத்திரண்டு வெட்டு போனதும் 4294967296, ஐந்தாம் வர்க்கம். எண்பதாவது வெட்டில் 65,536. வெட்டிக்கொண்டே போகிறவர் கண்முன்னால் ஏணிப்படிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. முப்பத்திரண்டு வெட்டில் ஐந்தாம் வர்க்கம் தீர்ந்து ஆறாம் வர்க்கம் முழுதாக மிஞ்சியது என்றால், பெருக்கிய தொகையை வெட்டுவது என்பது முதலில் ஒரு காரணியை ஒன்றாகும்வரை வெட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவதுதான். பெருக்கினால் வெட்டுகள் கூடும், வகுத்தால் கழியும். இரண்டு விதியும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. எண்ணித்தான் கண்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எண்ணியவருக்கு விதி தெரியாமல் போயிருக்காது.

இதுவே என் வாதத்தின் நடுத்தூண். சான்று மெலிந்த இடமும் இதுவே என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். கிரேக்க மரபிலும் அதன் வழிவந்த ஐரோப்பிய மரபிலும் இந்த விதி இரண்டு வரிசைகளை அருகருகே வைத்ததில் பிறந்தது. ஆர்க்கிமிடீஸ் மணல் எண்ணும் நூலில், ஒன்றிலிருந்து தொடர் விகிதத்தில் வளரும் எண்களில் இரண்டைப் பெருக்கினால், சிறியது ஒன்றிலிருந்து எத்தனை இடம் தள்ளி நிற்கிறதோ அத்தனை இடம் பெரியதிலிருந்து தள்ளிப் பெருக்கற்பலன் நிற்கும் என்று பொதுவாகவே சொல்லிவிட்டார். 1544-ல் ஸ்டீஃபெல் மேலே கூட்டுத்தொடரையும் கீழே பெருக்குத்தொடரையும் எழுதி, மேலே கூட்டினால் கீழே பெருகும் என்றார். 'எக்ஸ்போனென்ட்' என்ற சொல்லை வழங்கியவரும் அவர்தான். சமண நூல்களில் அருகருகே வைத்த இரு வரிசை என் கண்ணில் படவில்லை. அங்கே இருப்பது ஒரு செயல்: வெட்டு. அடுக்கு என்பது ஓர் இடத்தின் எண் அன்று, செய்த செயலின் எண்ணிக்கை.

இதனால் ஒரு வரம்பும் வருகிறது. ஸ்டீஃபெலின் அட்டவணை இடப்பக்கம் நீண்டு, சுழியத்துக்கும் கீழே போய், அரை, கால், அரைக்கால் ஆகியவற்றுக்குக் குறை எண்களை அடுக்காகத் தந்தது. வரிசை என்றால் பின்பக்கமும் நீட்டலாம். வெட்டு ஒன்றில் வந்து நின்றுவிடும். செய்யாத செயலை எண்ண முடியாது.

விரித்து வைத்தல்

மூன்றாவது விதி, அடுக்கின் மேல் அடுக்கு, வேறொரு செயலில் இருந்து வருகிறது. தவளாவில் ஓர் எண்ணை இன்னொரு எண்ணின் அடுக்குக்கு உயர்த்தும் முறைக்குப் பெயர் விரளனம், அதாவது விரித்தல். ஓர் எண்ணை ஒன்று ஒன்றாகப் பிரித்துப் பரப்ப வேண்டும். பரப்பிய ஒவ்வொன்றின் மேலும் மற்ற எண்ணைக் கொடுக்க வேண்டும், கொடுக்கப்படுவது தேயம். பிறகு எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். மூன்று புளியங்கொட்டையைத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே 4 என்று எழுதிப் பெருக்கினால் 64. விரிந்த 3 நம்முடைய அடுக்கு. கொடுத்த 4 நம்முடைய அடிமானம்.

இந்த 64-ஐ இப்போது வெட்டுங்கள்: 32, 16, 8, 4, 2, 1. ஆறு வெட்டு. தேயமான 4-க்கு இரண்டு வெட்டு, விரித்தது மூன்று; 3 × 2 = 6. விரித்த தொகையைத் தேயத்தின் அர்த்தச்சேதத்தால் பெருக்கினால் விளைந்த எண்ணின் அர்த்தச்சேதம் வரும். இது ஓர் உதாரணத்துக்கு மட்டும் பொருந்தும் கூற்று அன்று. எந்த எண்ணை விரித்தாலும், எதைக் கொடுத்தாலும் நிற்கும் பொதுக்கூற்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கங்க அமைச்சர் சாமுண்டராயரின் குருவாக இருந்த நேமிச்சந்திரர் தம் திரிலோகசாரத்தில் பெருக்கல், வகுத்தல், விரளனம் மூன்றுக்கும் அர்த்தச்சேதம் எப்படி மாறும் என்று விதியாகவே பாடிவைத்தார். ஆனால் அந்த விதிகள் இல்லாமல் தவளாவின் பெரிய எண்களைத் தொடவே முடியாது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

வர்கித சம்வர்கிதம் என்று ஒரு செயல் உண்டு. ஓர் எண்ணை விரித்து, அதே எண்ணையே ஒவ்வொன்றுக்கும் கொடுத்துப் பெருக்குவது. 2-ஐ எடுத்தால் முதல் முறை 2² = 4. வந்த நான்கை அப்படியே செய்தால் 4⁴ = 256. மூன்றாம் முறை 256²⁵⁶. சிங் இந்த எண்ணைக் குறிப்பிட்டு அதன் பெருமையைச் சொல்லிக் கடந்துவிட்டார். நான் அதை வெட்டுக்கணக்கில் சுருக்கிப் பார்த்தேன். 256-க்கு எட்டு வெட்டு. விரித்தது 256. ஆக 8 × 256 = 2048 வெட்டு; 256²⁵⁶ = 2²⁰⁴⁸, 617 இலக்கம். இந்த 2048-ஐயே மறுபடி வெட்டினால் பதினொன்று. தவளாவில் வெட்டுகளின் வெட்டுக்கு வர்க்கசலாகை என்று பெயர். ஓர் எண் இரண்டின் எத்தனையாவது வர்க்கம் என்பதை அது சொல்லும். எனில் இரண்டின் மூன்றாம் வர்கித சம்வர்கிதம் இரண்டின் பதினோராம் வர்க்கமே. ஏணியில் ஒரு படியில் துல்லியமாக நிற்கிறது. முதலாவதான 4 முதல் படி, இரண்டாவதான 256 மூன்றாம் படி, மூன்றாவது பதினோராம் படி.

படி எண்கள் 1, 3, 11 எப்படி வந்தன? ஒவ்வொரு முறையும் பழைய எண்ணின் அர்த்தச்சேதத்தோடு அதன் வர்க்கசலாகையைக் கூட்டினால் புதிய வர்க்கசலாகை வருகிறது. நான்குக்கு வெட்டு 2, சலாகை 1, கூட்டினால் 3. 256-க்கு வெட்டு 8, சலாகை 3, கூட்டினால் 11. இந்தக் கூட்டல் எங்கிருந்து வருகிறது என்றால், 8 × 256 என்பது 2³ × 2⁸ என்பதால், அதன் வெட்டு 3 + 8. அடுக்கின் மேல் அடுக்கு விதியை ஒருமுறையும், பெருக்கினால் கூடும் விதியை அதன் மேல் ஒருமுறையும் பயன்படுத்தாமல் இங்கே வர வழி இல்லை. முழு எண்ணை எழுதி வெட்டிப் பார்க்கும் வழியும் இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது. இந்தக் கூட்டல் விதியின் வடிவங்களை வீரசேனர் சொற்களில் சொல்கிறார். சிங் தம் கட்டுரையில் அவற்றைப் பட்டியலும் இடுகிறார், ஆனால் மடக்கை என்ற தலைப்பின் கீழ். அடுக்குக்குறி விதிகள் என்ற தலைப்பின் கீழ் அவர் வைத்ததோ ஏழாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் வகுத்த அந்த ஒன்றுமில்லாத கணக்கு. தலைப்புகளை இன்றைய பாடப்புத்தகத்திலிருந்து எடுத்ததன் விளைவு இது. நமக்கு அடுக்கும் மடக்கையும் இரண்டு பாடம். வீரசேனருக்கு வெட்டு ஒன்றுதான்.

அடுத்த வீட்டு மரபுகளைச் சுருக்கமாகவே தொடுகிறேன். பிங்களரின் யாப்பு நூலில் 2-இன் அடுக்கைக் காணும் முறையும் பாதியாக்கலில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே பாதியாவது அடுக்கு: 96, 48, 24, 12, 6, 3. மூன்றுக்கு 8 கண்டு, திரும்பி வரும்போது ஐந்து முறை வர்க்கப்படுத்தினால் அதே 29 இலக்க எண். சமணர்கள் வெட்டியது அடுக்கை அன்று, எண்ணை. பெயரிடும் வழக்கிலும் இரு போக்குகள் தெரிகின்றன. சமண ஆகமமான உத்தராத்யயனத்தில் கனவர்க்கம் ஆறாம் படி. இரண்டும் மூன்றும் பெருகிய பெயர். பின்வந்த இயற்கணிதக்காரர்கள் ஐந்தாம் படிக்குப் பெயர் தேடியபோது பெருக்கும் வழக்கு கைகொடுக்கவில்லை, ஐந்து பகா எண். ஆகவே பெருக்கம் எனப் பொருள்படும் காதம் என்ற சொல்லைச் சேர்த்து வர்க்கக்கனகாதம் என்றார்கள்; அங்கே இரண்டும் மூன்றும் கூடுகின்றன. ஒரே மொழியில் 'கனவர்க்கம்' ஆறு, 'வர்க்கக்கனகாதம்' ஐந்து. இன்றைக்கும் மாணவர்கள் கூட்டுவதா பெருக்குவதா என்று தடுமாறுகிற அதே இடம், அன்று ஒரு சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வியாக இருந்தது.

மறுத்த எண்ணும் காலமும்

தவளாவுக்கே திரும்புகிறேன். ஷட்கண்டாகமச் சூத்திரம் மனிதர் தொகைக்கு இரண்டு எல்லைகள் தருகிறது. வர்க்க எல்லையை மேலே சொன்னேன். இன்னொன்று கோடி எல்லை: கோடாகோடாகோடிக்கு மேல், கோடாகோடாகோடாகோடிக்குக் கீழ். கோடியை மூன்று முறை பெருக்கினால் ஒன்றுக்குப் பின் 21 சுழியம், நான்கு முறை பெருக்கினால் 28 சுழியம். 2⁹⁶ வர்க்க எல்லைக்குள் நிற்கிறது. கோடி எல்லைக்குள் நிற்கவில்லை. 29 தானம் என்பதில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒன்று 1-இல் தொடங்குகிறது, மற்றது 7-இல். வீரசேனர் இதைக் கவனித்தார். மனிதர் வாழும் நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அவ்வளவு பெரிய தொகை அதில் அடங்காது என்று காட்டி, அந்த எண்ணை மறுத்தார்.

இந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்த இடம். வெட்டுக்கணக்கில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், 2⁹⁶ பெரிதா நான்கு கோடிகளின் பெருக்கம் பெரிதா என்ற கேள்விக்கு வெட்டு விதிகள் நேரே விடை சொல்லா. கோடி இரண்டின் ஏணியில் நிற்கும் எண் அன்று. ஏழு முறை வெட்டினால் 78,125 என்ற ஒற்றை எண்ணில் வெட்டு முட்டிக்கொள்ளும். ஆகவே 29 இலக்கத்தையும் விரித்து எழுதி ஒப்பிடுவதே நேரான வழி. எழுதக்கூடிய எண்ணுக்குத் தானமும், எழுத முடியாத எண்ணுக்கு வெட்டும் என்று இரண்டு மொழிகளை அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சிங்கின் இயற்கணித வரிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

காலத்தைப் பொறுத்தவரை, தவளாவின் முடிவுரைப் பாடலில் ஆண்டு சொல்லும் சொற்கள் சிதைந்து கிடக்கின்றன. அதைச் சக ஆண்டு 738 என்று படித்து, ஹீராலால் ஜெயின் கி.பி. 816 என்றார். விக்கிரமராயர் என்ற பெயர் அங்கே வருவதைக் கொண்டு விக்கிரம ஆண்டு 838, அதாவது கி.பி. 780, என்று படிப்போரும் உண்டு. பாடலில் ராஷ்டிரகூட அரசர்களின் பெயர்கள் வருவதால் முன்னதன் பக்கமே நான் நிற்கிறேன். எனினும் முப்பத்தாறு ஆண்டு இடைவெளி விதிகளின் வரலாற்றில் பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்காது. பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தவளாவின் கணிதம் வீரசேனர் காலத்துக்கு உரியதன்று, கி.பி. 200-க்கும் 600-க்கும் இடைப்பட்டது என்று சிங் வைத்தார். உரை பழைய நூல்களை எடுத்தாள்வது உண்மை. ஆனால் அர்த்தச்சேதம் என்ற கருத்து பழையது என்பதும், வர்க்கசலாகையின் கூட்டல் விதி பழையது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதற்கு அனுயோகத்துவாரம் சாட்சி, பின்னதற்குத் தவளாவுக்கு முந்திய சாட்சி என் கைக்கு வரவில்லை.

அந்த அனுயோகத்துவாரத்தின் காலமும் நிலையாக இல்லை. மரபு அதைச் சமண ஆசாரியர் ஆரியரட்சிதரோடு சேர்க்கிறது. தத்தா அதைக் கிறிஸ்துவுக்கு முன்னால் வைக்கத் துணிந்தார். ஐந்தாம் நூற்றாண்டில் வல்லபியில் ஆகமங்கள் தொகுக்கப்பட்டபோது என்னென்ன சேர்ந்தது என்பது வேறு கேள்வி. மனிதர் தொகையைச் சொல்லும் நான்கு வாய்பாடுகளும் ஒரே காலத்தவை என்று கொள்ளவும் தேவையில்லை. ஒரே தொகைக்கு நான்கு விளக்கம் என்பதே அடுத்தடுத்து வந்தவர்கள் சேர்த்தது போல இருக்கிறது. இரண்டு வர்க்கங்களின் பெருக்கம் முதலில் நின்று, தொண்ணூற்றாறு வெட்டு பின்னால் அதற்கு விளக்கமாகச் சேர்ந்திருந்தால், பெருக்கினால் வெட்டு கூடும் என்ற விதியின் பிறப்பு அந்த இரண்டு தொடர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் விழும். இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் விதி அதற்கும் முந்தியது. அந்த நூலின் சூர்ணி என்ற பழைய உரையையும் பின்வந்த உரைகளையும் தொடர் தொடராக ஒப்பிட்டுத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும். அதுவரை 96-க்குப் பக்கத்தில் ஒரு நூற்றாண்டை எழுத நான் துணியவில்லை.